அப்பாவின் இடது பக்கத்துக் கிண்ணம்

அன்பு மகள் பாப்பாவுக்கு அம்மா ஆசையோடு எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் இங்கே சுகம் என்று முதல் வரியை எழுதிவிட்டு அதையே பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன், பிறகு அடித்துவிட்டேன், மேலே இருக்கும் கிறுக்கல் அதுதான். நானும் உன் தம்பியும் சுகம். அப்பா நடக்கிறார், சாப்பிடுகிறார், என்னோடு சண்டை போடுகிறார், ஆனால் இன்று காலை அவர் பள்ளிக்கூட வேனை எடுக்கவில்லை. தம்பி அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறான். தலைக்குள் படம் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். துணைக்கு ஒருவர்தான் வரலாம் என்று சொல்லிவிட்டார்கள், நான் வந்தால் அழுது ஊரைக் கூட்டிவிடுவேன் என்று அப்பாவும் பிள்ளையுமாக முடிவு செய்து என்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "பாப்பாகிட்ட சொல்லிடாதே, அவ அங்க இருந்துக்கிட்டு பதறுவா" என்று செருப்பு மாட்டும்போது ஒரு தரம், வாசலைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்து ஒரு தரம் சொன்னார். சரி சரி என்று தலையை ஆட்டினேன். ஆட்டின தலையோடு உள்ளே வந்து உனக்குத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொன்னால் நீ அங்கே அழுவாய், நான் இங்கே அழுவேன், விஷயம் நடுவில் நின்றுபோகும். தம்பி வந்ததும் இந்தத் தாள்களைப் படம் பிடித்து அனுப்பச் சொல்கிறேன். கடைசி வரை படித்துவிட்டுக் கூப்பிடு கண்ணு, பாதியில் கூப்பிடாதே.

எங்கேயிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ சொல்லிக்கொடுத்த டாக்கோவிலிருந்துதான், அந்த மடித்துத் தின்கிற ரொட்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். எப்படி வந்தது, அப்பா என்ன சொன்னார் என்று நீ கேட்டுக்கொண்டே இருந்தாயே, எல்லாவற்றையும் சொல்கிறேன், அதோடு இதுவும் வந்துவிடும். எங்கள் திரைச்சீலைக் கடையில் இப்போது ஒரு ஓட்டலின் அறைகளுக்கெல்லாம் சேர்த்துத் தைக்கிறோம், தையல் மிஷினை மிதித்து மிதித்து சாயந்தரம் வீடு வரும்போது கால் இரண்டும் என்னுடையதே இல்லை. வந்ததும் மறுபடி அடுப்பு. நீதான் அன்றைக்கு என்னைத் திட்டினாய், "எல்லார் தட்டுலயும் வச்சு வச்சுக் குடுத்துட்டு நீ கடைசில ஆறினதைத் தின்னாதம்மா, எல்லாத்தையும் கிண்ணத்துல போட்டு மேசைல வச்சுடு, அவங்கவங்க எடுத்து மடிச்சுச் சாப்பிடட்டும்" என்று. கேட்கவே சுகமாக இருந்தது. சரி, ஒரு நாள் ராணி மாதிரி உட்கார்ந்து சாப்பிட்டுப் பார்ப்போம் என்று துணிந்துவிட்டேன். ரெடிமேட் ரொட்டிப் பாக்கெட்டைக் கடையில் கையில் எடுத்தேன், விலையைப் பார்த்ததும் அது சுட்டுவிட்டது போல எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டேன். கோதுமை மாவில் வெந்நீரும் கொஞ்சம் எண்ணெயும் விட்டுப் பிசைந்து, மெல்லிசாகத் தேய்த்துக் கல்லில் வாட்டி, ஒவ்வொன்றாகத் துணிக்குள் வைத்து மூடிவிட்டேன். அந்தத் துணி முக்கியம் பாப்பா, மூடாமல் வைத்தால் மடிக்கும்போது விரிசல் விட்டு எல்லாம் மடியில் கொட்டும். நீ அங்கே அவசரத்தில் அதைச் செய்ய மாட்டாய் என்று எனக்குத் தெரியும்.

இரு, வாசலில் ஏதோ சத்தம், பார்த்துவிட்டு வருகிறேன். ஒன்றுமில்லை, எதிர் வீட்டு இரும்புக் கேட். இந்தக் கடிதத்தை ஆரம்பித்ததிலிருந்து எழுந்து எழுந்து உட்கார்கிறேன். பாதி தைத்த திரையைக் கையில் எடுத்தேன், நூலைக் கோர்க்கவே முடியவில்லை, வைத்துவிட்டேன். துடைத்த மேசையையே மறுபடியும் துடைத்தேன். போன் ஜன்னல் மேல் இருக்கிறது, அங்கேதான் சிக்னல் நன்றாகக் கிடைக்கும், அதையும் போய்ப் போய் எடுத்துப் பார்க்கிறேன், அது பாட்டுக்குச் சும்மா கிடக்கிறது.

கறியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கொத்துக்கறி கொஞ்சம்தான் வாங்கினேன். சிவப்பு பீன்ஸைக் காலையில் கடைக்குப் போகும்முன் ஊறப்போட்டு, சாயந்தரம் வந்ததும் குக்கரில் ஏற்றிவிட்டு, வெந்ததில் பாதியை மசித்துக் கறியோடு சேர்த்துக் கிளறிவிட்டேன். சீரகத்தை வறுத்துப் பொடித்தது, மிளகாய்த்தூள், பூண்டு, இரண்டு தக்காளி, அவ்வளவுதான், நீ சொன்ன மசாலாப் பாக்கெட் எல்லாம் வேண்டாம், காசைக் கரியாக்காதே. கறி எது பீன்ஸ் எது என்று கண்டுபிடிக்க உன் தம்பியாலேயே முடியவில்லை, வயிறு மட்டும் நிறைந்துவிட்டது என்றான். மீதிப் பீன்ஸை முழுசாக வேறொரு கிண்ணத்தில் வைத்தேன். உருளைக்கிழங்கைப் பொடியாக நறுக்கி மொறுமொறுவென்று வறுத்தேன், முட்டைக்கோஸை நூல் மாதிரி வெட்டி உப்பும் எலுமிச்சையும் பிழிந்தேன், தக்காளியும் வெங்காயமும் கலந்து ஒரு கிண்ணம், கெட்டித் தயிரில் பூண்டு தட்டிப் போட்டு ஒரு கிண்ணம். சீஸ் வேண்டும் என்றாய், அதை மட்டும் காது கேட்காத மாதிரி விட்டுவிட்டேன். எல்லாக் கிண்ணத்தையும் மேசையில் சுற்றி வைத்தபோது விருந்துக்கு ஆள் வரப்போகிற மாதிரி இருந்தது.

இங்கே உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீ வெளியூருக்கு வேலைக்குப் போனதிலிருந்து அப்பா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று நான் போனில் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா. தட்டில் வைத்ததை ஒரு பக்கமாக அப்படியே விட்டுவிடுவார். "ஏங்க, இதை ஏன் வச்சிட்டீங்க" என்று தட்டைத் திருப்பி வைத்தால், "இதை எப்ப வச்சே" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடுவார். மேசையில் உன் நாற்காலி அவருக்கு இடது பக்கம்தானே. அந்தப் பக்கம் அவர் திரும்பவே மாட்டார். நீ இல்லாத நாற்காலியைப் பார்க்க மனசு வரவில்லை என்று நினைத்தேன். பெண்பிள்ளை மேல் உசிர், சொல்லத் தெரியாத மனுஷன், இப்படித்தான் காட்டுகிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று உன் நாற்காலியைத் தூக்கிப் படுக்கையறையில் போட்டுவிட்டேன், இஸ்திரி போட வேண்டிய துணி எல்லாம் இப்போது அதன் மேல்தான் கிடக்கிறது. வேனின் இடது பக்கக் கண்ணாடி இரண்டு தரம் உடைந்தது. குப்பைத்தொட்டியை யாரோ நகர்த்தி வைத்துவிட்டார்கள் என்று ஒரு தரம், எவனோ வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டான் என்று ஒரு தரம் சொன்னார். தம்பி டேப் சுற்றிக் கொடுத்தான். அதற்கும் உன்னைத்தான் காரணம் சொன்னேன், மனசு ஓரிடத்தில் இல்லை, பாப்பா நினைப்பு என்றேன். நாங்கள் எல்லோருமே அதை நம்பினோம், அவரும் நம்பினார்.

டாக்கோ அன்றைக்கு என்ன ஆயிற்று என்றால், கல்யாணம் ஆனதிலிருந்து முதல் தடவையாக நான் அவர் தட்டில் எதையும் வைக்கவில்லை. அவரே எடுத்துச் சாப்பிட வேண்டும். ஸ்டியரிங் பிடிக்கிற கை, ரொட்டியை மடிக்கத் தெரியாமல் உருட்டித் திருகி, சட்டை எல்லாம் தயிர், தம்பி சிரித்துச் சிரித்துப் புரையேறிக் கிடந்தான். அப்பா முட்டைக்கோஸ் எடுத்தார், உருளைக்கிழங்கு எடுத்தார், மறுபடி உருளைக்கிழங்கு எடுத்தார். கறியைத் தொடவே இல்லை. இன்றைக்குக் கறி கொஞ்சம்தான் வாங்கினேன் என்று நான் சமைக்கும்போது சொல்லியிருந்தேன், அதனால் பிள்ளைக்கு விட்டுக்கொடுக்கிறார் என்று நினைத்து எனக்குக் கண் கலங்கிவிட்டது, பார்த்துக்கொள் உன் அம்மாவின் புத்தியை. கடைசியில் கையைத் துடைத்துக்கொண்டே, "நல்லாத்தான் இருக்கு, ஆனா கொத்துக்கறின்னு சொன்னியே, வாங்கலையா" என்றார். கறிக் கிண்ணம் அவர் இடது முழங்கை பக்கத்தில் இருந்தது. தம்பி ஜோக் என்று நினைத்துச் சிரித்தான், நானும் சிரித்து வைத்தேன். ஆனால் பாத்திரம் கழுவும்போது அந்தக் கண்ணாடி ஞாபகம் வந்தது, அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. 

யாரிடமும் சொல்லவில்லை. மறுநாளும் அதையே சமைத்தேன். நேற்றும் இதுதானே என்று தம்பி முனகினான், சும்மா உட்காருடா என்றேன். இந்தத் தடவை கிண்ணங்களை மாற்றி வைத்தேன், கறி அவருக்கு வலது பக்கம், அவர் ஆசையாகச் சாப்பிட்ட உருளைக்கிழங்கு இடது பக்கம், ஆவி பறக்கப் பறக்க. நான் ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை, அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறியை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டார். "இன்னைக்குத்தான் கறி வாங்கியிருக்கே, நேத்து ஏமாத்திட்டே" என்றார். அப்புறம் மேசையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "உருளைக்கிழங்கு பண்ணலையா, அதுதான் நல்லா இருந்துச்சு" என்றார். தம்பி மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். நான் கண்ணாலேயே அவனை எழுந்திருக்கச் சொன்னேன். அவன் சத்தம் போடாமல் சுற்றி வந்து, நீ உட்காருகிற இடத்தில், அப்பாவுக்கு இடது பக்கம் நின்றான். கையில் கரண்டியைத் தூக்கிப் பிடித்தான். "ஏங்க, நேரா என்னைப் பாருங்க, தம்பி எங்க" என்று கேட்டேன். "கை கழுவப் போயிருப்பான்" என்றார். கை நீட்டினால் தொடுகிற தூரம் பாப்பா. "அப்பா, நான் இங்கதான் நிக்கிறேன்" என்று அவன் சொன்னதும் தூக்கிவாரிப்போட்டது அவருக்கு, கை பட்டுத் தயிர்க் கிண்ணம் கவிழ்ந்தது.

அப்புறம் வந்தது கோபம். உன் அப்பாவின் கோபம் உனக்குத் தெரியாததா. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு காலண்டரில் இருந்த எழுத்தைப் படித்தார், மறு கண்ணைப் பொத்திக்கொண்டு படித்தார், "ரெண்டு கண்ணும் நல்லாத்தான் தெரியுது, என்னைக் குருடன்னு சொல்லி வீட்ல உட்கார வைக்கப் பாக்குறீங்களா" என்று மேசையில் ஓங்கி அடித்தார். நானும் விடவில்லை. "அந்த வேன்ல ஏறுறது நம்ம பிள்ளைங்க இல்லைங்க, ஊரார் பெத்த பிள்ளைங்க" என்றேன். அவர் எழுந்து போய்ப் படுத்துவிட்டார். சாவியை எடுத்து ஒளித்துவிடலாமா என்று எனக்குக் கை பரபரத்தது. வேண்டாம், திருடன் மாதிரி அவரை நடத்தக் கூடாது என்று ஆணியிலேயே தொங்க விட்டுவிட்டேன். அது சரியா தப்பா என்று இப்போது வரை தெரியவில்லை.

காலையில் வழக்கம்போல எழுந்து வேனைக் கழுவினார். நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் கிளப்பினால் முன்னால் போய் நின்றுவிடுவது என்று முடிவு பண்ணி வைத்திருந்தேன், சத்தியமாகச் சொல்கிறேன். ஏறி உட்கார்ந்தார். கிளப்பவில்லை. தம்பியைக் கூப்பிட்டு, "பின்னாலேருந்து இடது பக்கமா மெதுவா நடந்து முன்னால வா, நீ என் கண்ணுல பட்டதும் நான் சொல்றேன்" என்றார். தம்பி நடந்தான். பின் சக்கரம், கதவு, டேப் சுற்றின கண்ணாடி, எல்லாவற்றையும் தாண்டினான். அப்பா நேரே பார்த்துக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். வேனுக்கு முன்னால் திரும்பி, அப்பாவுக்கு நேர் எதிரே வந்த பிறகுதான் "ம்" என்றார். "இப்பத்தான் வர்றியா" என்று கேட்டார். தம்பி தலையை ஆட்டினான். அந்த இடது பக்கக் கதவு வழியாகத்தானே, பாப்பா, பிள்ளைகள் இறங்குவார்கள், பையைத் தூக்கிக்கொண்டு. அவர் சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு அவரே பக்கத்துத் தெரு மீசைக்காரருக்குப் போன் பண்ணினார், அவரும் பள்ளி வண்டி ஓட்டினவர்தான். மீசைக்காரர் வந்து வேனை எடுக்கும்போது ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு இவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார், ரெட்டைப் பின்னல்காரிக்கு வண்டி ஒத்துக்காது ஜன்னலோரம் உட்கார வை, பேக்கரி வீட்டுப் பையன் தூங்கிடுவான் எழுப்பி விடு, பச்சைக் கேட் வீட்டில் ஆள் வெளியே வந்த பிறகுதான் கதவைத் திறக்கணும் என்று. போண்ணே, நான் பாத்துக்கறேன் என்று மீசைக்காரர் சொன்ன பிறகும் அப்பா வேனோடு நாலடி நடந்தார். திரும்பி வந்தபோது முகத்தைப் பார்க்க என்னால் முடியவில்லை.

போன் அடிக்கிறது.

தம்பிதான். பேசி முடித்துவிட்டு வந்து எழுதுகிறேன். படம் எடுத்துவிட்டார்கள். கண்ணில் ஒரு குறையும் இல்லையாம். பின் மண்டையில் சின்ன ரத்தக்குழாய் ஒன்று அடைத்து, இடது பக்கம் தெரிவதைப் பார்த்துக்கொள்கிற இடம் கெட்டிருக்கிறதாம். சில வாரங்களுக்கு முன்பே நடந்திருக்கும், வலி இல்லாமல் நடந்ததால் யாருக்கும் தெரியவில்லை என்றார்களாம். போன பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம். இன்னொரு தடவை அடைக்காமல் இருக்க மாத்திரை உண்டு, சரியான நேரத்தில் வந்தீர்கள் என்று டாக்டர் சொன்னாராம். வேன் ஓட்டக் கூடாது, அதை மட்டும் அழுத்திச் சொல்லிவிட்டார். இன்று அங்கேயே தங்க வேண்டும். உசிருக்கு ஒன்றும் இல்லை கண்ணு, அதை முதலில் எழுதியிருக்க வேண்டும்.

அப்புறம் அப்பா போனை வாங்கிப் பேசினார். ஆஸ்பத்திரிச் சாப்பாட்டை வாயில் வைக்க முடியவில்லையாம், "அந்த மடிக்கிற ரொட்டியே கொண்டு வா, எல்லாக் கிண்ணமும் வலது பக்கம் வை" என்றார். நான் சிரித்தேன். அப்புறம் அவர், "பாப்பா போனதிலேருந்து அந்தப் பக்கம் வெறிச்சுன்னு இருந்துச்சு, அதான்னு நெனச்சுட்டேன். மனசுதானே, நாளானா சரியாயிடும்னு விட்டுட்டேன். நீயும் அப்படித்தானே நெனச்சே" என்றார். ஆமாங்க என்றேன்.  போனை வைத்துவிட்டு நான் நன்றாக அழுதேன், உன்னிடம் மறைக்கவில்லை. ஆனால் ஒன்றைத் தெளிவாகப் படித்துக்கொள். நீ போனது தப்பில்லை. நீ போனதால் இது வரவில்லை. உன் மேல் இருக்கிற ஆசையை நாங்கள் வியாதியோடு குழப்பிக்கொண்டோம், அது எங்கள் பைத்தியக்காரத்தனம். நீ கிண்ணத்தில் போட்டு மேசையில் வைக்கச் சொல்லிக்கொடுத்த சாப்பாட்டால்தான் தெரிந்தது. நான் பழையபடி தட்டில் வைத்துக்கொண்டே இருந்திருந்தால் இன்றைக்கும் அவர் வேனை எடுத்திருப்பார். 

இனிமேல் அவர் வீட்டில் சும்மா இருப்பாரா, வருமானத்துக்கு என்ன, மீசைக்காரரிடம் வேனை எப்படி விடுவது என்று தலைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது. நீ அதற்காக லீவு போட்டு ஓடி வராதே, பணமும் அனுப்பாதே, நாங்கள் சமாளிப்போம், என் மிஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. குக்கர் விசில் அடித்துவிட்டது, ரொட்டி தேய்க்க வேண்டும், தம்பி என்னைக் கூட்டிப் போக வந்துகொண்டிருக்கிறான். இஸ்திரித் துணியை எல்லாம் கட்டில் மேல் கொட்டிவிட்டு உன் நாற்காலியைத் தூக்கி வந்து பழைய இடத்திலேயே போட்டுவிட்டேன். அவர் வீட்டுக்கு வந்த பிறகு அதில் நான் உட்காரப் போகிறேன், அங்கே என்ன கிண்ணம் இருக்கிறது என்று சொல்ல ஒரு ஆள் வேண்டாமா.

நீ நல்லா இரு தாயி, வயிறாரச் சாப்பிடு, ரொட்டியைத் துணியில் மூடி வை, போன வாரம் இருமினாயே அதற்கு டாக்டரைப் பார், எங்களைப் போல நாளானால் சரியாகும் என்று விட்டுவிடாதே. என் ஆசீர்வாதமும், உன்னிடம் எதையும் சொல்லாதே என்று சொல்லிவிட்டுப் போன அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. விடுமுறைக்கு வரும்போது உன் நாற்காலியிலேயே உட்காரு, நான் எழுந்துகொள்கிறேன். ஆனால் உட்கார்ந்ததிலிருந்து எழுந்திருக்கிற வரைக்கும் ஓயாமல் பேசிக்கொண்டே இரு. நீ பேச்சை நிறுத்தினால், அவருக்கு அங்கே நீ மறுபடியும் இல்லாமல் போய்விடுவாய்.

இப்படிக்கு,
மாவுக் கையோடு எழுதி முடித்த
உன் அம்மா